ஒரே மதிப்பெண்ணுக்குள் இரண்டு மாணவர்கள்

மலேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் ஆங்கிலப் பாடம் 2021-ஆம் ஆண்டிலிருந்து புதிய வடிவம் பெற்றது. அதற்கு முன் இரண்டு எழுத்துத் தாள்களும் பள்ளி அளவில் மதிப்பிடப்பட்ட வாய்மொழித் தேர்வும் இருந்தன. இப்போது வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கு தாள்கள். நான்குக்கும் சமமாக 25 விழுக்காடு. பெற்றோர் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேச்சு வரும்போது பலரும் பேச்சுத் தாளை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். பிள்ளை வாய் திறந்து பேசுமா என்பது அவர்கள் வீட்டிலேயே பார்க்கிற காரியம். பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கோ, வெளியே தெரியாத மற்ற இரண்டு திறன்கள்தான் பெரிய புதிர். பேச்சிலும் எழுத்திலும் மாணவர் எதையாவது வெளியே வைக்கிறார். தவறு இருந்தால் இன்ன இடம் என்று காட்டிவிடலாம். வாசித்துப் புரிந்துகொள்வதும் கேட்டுப் புரிந்துகொள்வதும் அவருக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகின்றன. நம் கைக்கு வருவது விடை குறித்த தாள் மட்டுமே.

வாசிப்புத் தாளுக்கு ஒன்றரை மணி நேரம், 40 கேள்விகள். அறிவிப்பு, குறுந்தகவல் போன்ற சிறு பனுவல்களில் தொடங்கி, சொல் நிரப்புதல், நீண்ட பனுவல், நீக்கப்பட்ட வாக்கியங்களை உரிய இடத்தில் பொருத்துதல், தகவலை எடுத்து எழுதுதல் என்று ஐந்து பகுதிகள். கேட்டல் தாளுக்கு 40 நிமிடம், 30 கேள்விகள், நான்கு பகுதிகள். ஒவ்வோர் ஒலிப்பதிவும் இரண்டு முறை ஒலிக்கும். ஐரோப்பியப் பேரவை 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலான சி.இ.எஃப்.ஆர். முறையை ஒட்டி இவை அமைந்துள்ளன. ஐந்தாம் படிவத்தை முடிப்பவர் அந்த அளவுகோலில் பி1 அல்லது பி2 என்ற நடுத்தர நிலையை எட்ட வேண்டும் என்பது கல்வியமைச்சின் 2015–2025 சீர்திருத்தத் திட்டம் வைத்த இலக்கு.

வடிவத்தின் மேல் எனக்குக் குறையில்லை. பள்ளித் தேர்வுகளில் இந்த இரண்டு தாள்களின் மதிப்பெண்களையும் மற்றவற்றோடு கூட்டி ஒரே எண்ணாக்கி வீட்டுக்கு அனுப்பும் பழக்கத்தின் மேல்தான் குறை. ஒரே எண்ணை வாங்கிய இரண்டு மாணவர்கள் என் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது உண்டு. ஒருவர் சிறு வயதிலிருந்து யூடியூப்பிலும் இணைய விளையாட்டிலும் ஊறியவர். அமெரிக்கர் எத்தனை வேகமாகப் பேசினாலும் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பார். ஆனால் ஒரு பக்க அளவுள்ள கட்டுரையைக் கொடுத்தால் இரண்டாம் பத்தியிலேயே கண் அலையத் தொடங்கிவிடும். மற்றவர் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு, இலக்கணப் பயிற்சிகளை வரி விடாமல் செய்து வந்தவர். கட்டுரையைப் பொறுமையாக வாசித்து விடை கண்டுபிடிப்பார். ஒலிப்பதிவு ஓடத் தொடங்கியதும் முகம் வெளிறிவிடும். இருவருக்கும் அறிக்கையில் ஒரே மதிப்பெண், இருவருக்கும் ஒரே அறிவுரை: "நிறைய வாசி." முதலாமவருக்கு அது சரி. இரண்டாமவருக்கு அது ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிற வேலை.

இந்த இருவரையும் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. உரையாடல் அல்லது அறிவிப்பு வகையிலான ஒரு பனுவலையும் அதற்கான கேள்விகளையும் தயாரிக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் அதை வாசித்து விடையளிக்கிறார்கள். மீதிப் பேர் வேறோர் அறையில் அதே பனுவலை ஒலிப்பதிவாகக் கேட்டு அதே கேள்விகளுக்கு விடையளிக்கிறார்கள். அடுத்த வாரம் அதே கடினமுள்ள இன்னொரு பனுவலில் இரு பாதிகளையும் மாற்றிவிடுகிறேன். இப்போது ஒவ்வொரு மாணவருக்கும் கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என இரண்டு மதிப்பெண்கள் கிடைக்கின்றன. இரண்டும் ஏறத்தாழச் சமமாகத் தாழ்ந்திருந்தால் சொல்வளமோ வாக்கிய அமைப்போ பொருளறிவோ போதவில்லை என்று கொள்ளலாம். கண் உயர்ந்து காது தாழ்ந்தால், தெரிந்த சொற்களையே ஒலியில் அடையாளம் காண முடியவில்லை. காது உயர்ந்து கண் தாழ்ந்தால், மொழி உள்ளே இருக்கிறது, அச்சிலிருந்து அதை எழுப்பும் வேகம்தான் இல்லை. ஒருமுறை செய்து எந்த மாணவரையும் முத்திரை குத்திவிடக் கூடாது. சில கேள்விகளைக் கொண்ட சிறு சோதனையில் அன்றைய மனநிலையே மதிப்பெண்ணை ஏற்றி இறக்கிவிடும். பருவத்துக்குச் சில முறை செய்தால் போக்கு தெளிவாகத் தெரிகிறது.

இங்கே ஒரு நிபந்தனையையும் சொல்லியாக வேண்டும். கட்டுரையாக எழுதப்பட்டதை அப்படியே உரக்க வாசித்துப் பதிவுசெய்தால் அது கேட்டல் தேர்வு ஆகாது. எழுத்தில் ஒரு வாக்கியத்துக்குள் மூன்று செய்திகளை அடைக்கலாம், ஏனெனில் கண் திரும்பிப் போய்ப் பார்க்கும். பேச்சில் மனிதர்கள் ஒன்றைச் சொல்லி, தயங்கி, திருத்தி, வேறு சொல்லில் மறுபடி சொல்கிறார்கள். நாம் பயன்படுத்தும் பயிற்சி நூல்கள் சிலவற்றின் ஒலிப்பதிவில் வருவது பத்திரிகைக் கட்டுரையை யாரோ மூச்சுவிடாமல் வாசிப்பது. அதில் தோற்கும் மாணவருக்குக் காது மந்தம் என்று சொல்வது அநியாயம்.

வாசிப்பு ஆய்வில் கஃப், டன்மர் என்ற இருவர் 1986-இல் முன்வைத்த கருத்து ஒன்று ஆசிரியர் வட்டாரத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறனும் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் பெருக்கப்பட்டுக் கிடைப்பதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்றார்கள் அவர்கள். கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். அவர்கள் மனத்தில் வைத்திருந்தது தாய்மொழியை நன்றாகப் பேசத் தெரிந்து, பிறகு எழுத்து கற்கும் குழந்தைகளை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கடைத்தெருவில் ஹொக்கியேன் என்ற சீன மொழி கலந்த மலாய் என்று வளரும் நம் பிள்ளைகளுக்கு அந்த வரிசை தலைகீழாகவும் நடக்கிறது. பல ஆங்கிலச் சொற்களை அவர்கள் முதலில் சந்திப்பதே அச்சில்தான். ஆகவே அச்சிலிருந்து தாமே ஓர் உச்சரிப்பை உருவாக்கிக்கொள்கிறார்கள். அந்த உச்சரிப்பு ஒலிப்பதிவில் வருவதே இல்லை.

தமிழிலும் மலாயிலும் அசைகள் பெரும்பாலும் தம் உருவை இழப்பதில்லை. பிரிட்டிஷ் ஆங்கிலமோ அழுத்தம் பெறும் அசையை மட்டும் நீட்டி, மற்றவற்றை விழுங்கிவிடும். தேர்வு முடிந்தபின், பலரும் தவறவிட்ட கேள்விக்குரிய நான்கைந்து வினாடிப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கேட்டதை அப்படியே எழுதச் சொல்வது என் வழக்கம். "ஹி ஹேட் லெஃப்ட் இட் அட் ஹோம்" என்பது ஒலிப்பதிவில் "ஹீட்லெஃப்டிடடோம்" என்று ஒரே மூச்சில் வருகிறது. எழுதச் சொன்னால் சிலர் இரண்டு சொற்களை எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். சிலர் அப்படி ஓர் ஆங்கிலச் சொல் இருப்பதாகவே நம்பி, அதன் பொருளைக் கேட்கிறார்கள். வாக்கியத்தைப் பலகையில் எழுதிக் காட்டினால், "இவ்வளவுதானா, டீச்சர்?" என்று வகுப்பே முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பில்தான் எனக்கு வேண்டிய நோயறிதல் முழுவதும் இருக்கிறது. தெரியாத சொல் ஒன்றுகூட அந்த வாக்கியத்தில் இல்லை.

'கேன்' (முடியும்) என்பதையும் அதன் எதிர்மறையான 'கான்ட்' என்பதையும் பிரித்துக் கேட்பது இன்னொரு சோதனை. நாம் மலேசியாவில் பேசும் ஆங்கிலத்தில் சொல்லின் கடைசியில் வரும் 'ட்' ஒலி தேய்ந்து போவது சாதாரணம். உயிரொலியின் வேறுபாட்டையும் சூழலையும் வைத்து நமக்குள் புரிந்துகொள்கிறோம். பதிவில் பேசுபவர் வேறு நாட்டவராக இருக்கும்போது அந்தச் சூழலறிவு உதவுவதில்லை. முடியும் என்பது முடியாது என்றும், முடியாது என்பது முடியும் என்றும் மாறிவிடுகிறது. 'தர்ட்டீன்' (13), 'தர்ட்டி' (30) போன்ற எண் இரட்டைகளிலும் இதே கதைதான். இவை சின்ன விஷயங்கள் என்று தோன்றலாம். கேட்டல் தாளின் கடைசிப் பகுதியில் பத்துக் கோடிட்ட இடங்களைக் கேட்டு நிரப்ப வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் சின்ன விஷயமாகத் தோன்றாது. அந்தப் பகுதிக்கு வகுப்புத் தேர்வில் நான் இரண்டு வரிசையாக மதிப்பெண் போடுகிறேன்: சொல்லைச் சரியாகக் கேட்டதற்கு ஒன்று, சரியாக எழுதியதற்கு ஒன்று. எழுத்துப்பிழையால் போன மதிப்பெண்ணையும் காது தவறியதால் போன மதிப்பெண்ணையும் ஒரே கணக்கில் சேர்த்தால் யாருக்கு என்ன கற்பிப்பது என்று தெரியாமல் போகும்.

இனி கேள்விகளைப் பற்றி. கேட்டல் கேள்வி நன்றாக அமைந்ததா என்று பார்க்க எனக்கு ஓர் அளவுகோல் உண்டு: விடைத் தெரிவுகளில் உள்ள எல்லாமே ஒலிப்பதிவிலும் வர வேண்டும். இரண்டு நண்பர்கள் பினாங்குக் கொடிமலைக்குப் போகத் திட்டமிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சனிக்கிழமை காலை என்கிறார். மலை ரயிலுக்கு அன்று கூட்டம் அலைமோதும் என்று மற்றவர் மறுக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை டியூஷன் இருக்கிறது என்ற பேச்சு வருகிறது. கடைசியில் ஞாயிறு பிற்பகல் என்று முடிகிறது. எப்போது போகிறார்கள் என்பது கேள்வி. மூன்று நாள்களும் காதில் விழுந்திருக்கின்றன, சனிக்கிழமை அதிக முறை விழுந்திருக்கிறது. கேட்ட சொல்லைக் குறிப்பவர் இங்கே தோற்பார், பேச்சின் போக்கைப் பின்தொடர்ந்தவர் வெல்வார். இதற்கு மாறாக ஞாயிறு என்ற சொல் மட்டும் பதிவில் வந்து மற்ற நாள்கள் வரவே இல்லையென்றால், ஆங்கிலம் தெரியாதவருக்கும் மதிப்பெண் கிடைத்துவிடும். டியூஷன் நிலையங்களில் முதலில் கேள்வியைப் பார்த்து முக்கியச் சொல்லுக்குக் கோடிட்டு, பிறகு அந்தச் சொல் எங்கே வருகிறதென்று வேட்டையாடச் சொல்லித் தருகிறார்கள். நேரத்தை மிச்சப்படுத்த அது உதவும், மறுக்கவில்லை. நன்றாக அமைந்த கேள்வி அந்த வேட்டைக்காரரைப் பிடிப்பதற்கென்றே எழுதப்படுகிறது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லலாம்.

வாசிப்புக் கேள்விகளில் வேறு விதமான ஓட்டை. பனுவலை வாசிக்காமலே விடையளிக்கக்கூடிய கேள்விகள் நம் பயிற்சித் தாள்களில் ஏராளம். சதுப்புநிலக் காடுகளை ஏன் காக்க வேண்டும் என்று கேட்டு, அவை கரையோரத்தை அலைகளிலிருந்து காக்கின்றன என்பதை ஒரு தெரிவாகவும், அவை பார்க்க அழகாக இல்லை என்பதுபோன்ற அபத்தங்களை மற்றத் தெரிவுகளாகவும் கொடுத்தால், புவியியல் படித்த எந்த மாணவரும் பனுவலைத் தொடாமல் சரியாகக் குறிப்பார். இதைக் கண்டுபிடிக்கும் முறை மிக மலிவானது. பனுவலைக் கொடுக்காமல் கேள்விகளை மட்டும் இன்னொரு வகுப்பிடம் கொடுத்துப் பாருங்கள். நான்கு தெரிவுகள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக நான்கில் ஒன்று சரியாகிவிடும். வகுப்பு அதைவிட வெகுவாக மேலே போனால் அந்தத் தாள் வாசிப்பைச் சோதிக்கவில்லை. பொது அறிவையோ, நீளமான தெரிவே சரியான விடை என்ற பழைய சூட்சுமத்தையோ சோதிக்கிறது. சதுப்புநிலப் பனுவலுக்கு நான் கேட்கக்கூடிய கேள்வி, அதில் வரும் மீனவர் தொடக்கத்தில் மரம் நடும் யோசனையை ஏன் நம்பவில்லை என்பது. பனுவலுக்கு வெளியே அதற்கு விடை கிடையாது.

பொருளறிவு எவ்வளவு தூரம் வாசிப்பைத் தூக்கிவிடும் என்பதற்கு ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் 1988-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு நல்ல சான்று. ஏழாம் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பனுவலைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டத்தை நன்கறிந்தவர்கள், வாசிப்பில் தேர்ந்திருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். இதற்கு நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. பினாங்கின் தண்ணீர்மலைத் தைப்பூசத்தைப் பற்றிய பனுவலைக் கொடுத்தால் என் தமிழ் மாணவர்கள் காவடி, தண்ணீர்ப் பந்தல், வெள்ளி ரதம் எல்லாவற்றையும் தாமே நிரப்பிக்கொண்டு வாசிப்பார்கள். பக்கத்தில் இருக்கும் மலாய், சீன மாணவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் உழைத்து வாசிப்பார்கள். 2018-இலிருந்து வகுப்புகளுக்கு வந்த வெளிநாட்டுப் பதிப்பகப் பாடநூல்களில் பனிச்சறுக்கைப் பற்றியோ ஐரோப்பிய நகரங்களைப் பற்றியோ வாசிக்க நேர்ந்தால் எல்லோரும் சமமாகத் திண்டாடுவார்கள். ஒரு வகையில் அது நியாயமும்கூட என்று என் சக ஆசிரியர் ஒருவர் கேலியாகச் சொல்வார். ஒரே தாளில் பல உலகங்களிலிருந்தும் பனுவல்களை எடுத்து, யாருக்கும் எல்லாமே சொந்த ஊர் ஆகிவிடாதபடி பார்த்துக்கொள்வதுதான் செய்யக்கூடியது.

சொல்வளத்துக்கு ஹூ, நேஷன் இருவரின் 2000-ஆம் ஆண்டு ஆய்வு தரும் எண் கைக்கு உதவுகிறது. பிறர் துணையின்றி ஒரு பனுவலைப் போதுமான அளவு புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்கிறது அது. அதாவது 300 சொற்கள் கொண்ட பனுவலில் ஆறு சொற்கள் தெரியாமல் இருக்கலாம், அதற்கு மேல் போனால் சிரமம். விடையெழுதி முடித்ததும் தெரியாத சொற்களுக்குக் கோடிடச் சொன்னால், தாள் யாருக்குப் பொருத்தமில்லாமல் போயிற்று என்பது நொடியில் தெரிந்துவிடுகிறது. பக்கம் முழுக்கக் கோடு நிறைந்த மாணவரிடம் ஆசிரியரின் உள்நோக்கம் என்ன என்று கேட்பதில் பயனில்லை. ஒரு கோடும் இல்லாமல் பாதிக் கேள்விகளைத் தவறவிட்டவர்தான் என்னை யோசிக்க வைப்பவர்.

வேகத்தையும் புரிதலையும் பிரிப்பதற்கு நிற மை போதும். குறித்த நேரம் வரை நீல மையில் விடையளித்து, மணி அடித்தபின் கூடுதல் நேரத்தில் பச்சை மையில் தொடரச் சொல்கிறேன். பச்சையில் கடகடவென்று சரியான விடைகள் வந்தால் அவருக்கு வேண்டியது வாசிப்புப் பழக்கம். பச்சையிலும் தவறே வந்தால் நேரம் போதவில்லை என்ற சாக்கு எடுபடாது. நீலத்தில் வந்த மதிப்பெண் மட்டுமே பதிவேட்டுக்குப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் பச்சைக்காகவே காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

கேட்டல் தேர்வு நடக்கும் அறையைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. சுழலும் மின்விசிறி, நடைபாதைக் காலடி, பிற்பகலில் கூரையில் இறங்கும் மழை, இவற்றோடு வகுப்பின் முன்மூலையில் ஒரே ஒலிபெருக்கி. பயிற்சித் தேர்வுகளில் பின்வரிசையின் மதிப்பெண் தாழ்ந்திருந்தால், வரிசைகளை மாற்றி உட்காரவைத்து இன்னொரு பதிவைப் போட்டுப் பார்க்க வேண்டும். தாழ்வு வரிசையோடு நின்றுவிட்டால் குறை ஒலிபெருக்கியில். மாணவரோடு சேர்ந்து முன்னே வந்தால் அவரைச் செவிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிப் பெற்றோரிடம் பேசுவதும் ஆசிரியரின் வேலைதான்.

எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாயிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம், ஆங்கிலத்தில் கட்டாயமில்லை. அதனால் சில வீடுகளில் ஆங்கிலத்தை இரண்டாம் வரிசையில் வைத்துவிடுகிறார்கள். அடுத்த கட்டமான மூயெட் என்ற ஆங்கிலத் தேர்விலும் கேட்டலுக்கும் வாசிப்புக்கும் தனித்தனியே கால் பங்கு உண்டு, பல்கலைக்கழக நுழைவுக்கு அது தேவைப்படுகிறது என்பதை அப்போது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போதெல்லாம் அறிக்கை நாளில் வரும் பெற்றோரிடம் மொத்த மதிப்பெண்ணோடு காது, கண், வேகம், எழுத்துக்கூட்டல் என்று நான்கு குறிப்புகளை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்கிறேன். எந்த டியூஷனுக்கு அனுப்புவது என்பதே பெரும்பாலும் அவர்களின் முதல் கேள்வி. காது மட்டும் பின்தங்கிய பிள்ளைக்கு டியூஷன் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' போல, எழுத்துவடிவத்தோடு இலவசமாகக் கிடைக்கும் ஒலிப்பதிவுகள் போதும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் ஒரு முறை, பிறகு எழுத்தில் விரலை ஓட்டிக்கொண்டே ஒரு முறை, கடைசியில் மறுபடி பார்க்காமல் ஒரு முறை. நாளுக்கு இருபது நிமிடம் ஆகும். முதல் சுற்றில் பிடிபடாமல், மூன்றாம் சுற்றில் பிடிபட்ட தொடர்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அந்த நோட்டுகளிலிருந்துதான் முன்னோட்டத் தேர்வுக்கு முந்தைய வாரங்களுக்கான கேட்டல் பயிற்சிகளை எடுக்கப்போகிறேன்.